சின்னான் வேனின் ஃபேன் சுவிட்ச்

வாளையாற்றிலிருந்து சங்ககிரி வரைக்கும் சூட்டைப் பற்றி எங்கள் அப்பா சின்னானுக்குத் தெரிந்த அளவு இன்னொரு ஜீவனுக்குத் தெரியாது. சித்திரை வெயில் எங்கள் தெருவுக்குள் நுழைவதற்கு முன்னால் அவரிடம் அனுமதி வாங்கிக்கொண்டுதான் நுழையும். காய்ச்சல்காரர்கள் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் எங்கள் வாசலில் நின்று கன்னத்தைக் காட்டிவிட்டுப் போவார்கள். கோயம்புத்தூர்ப் பக்கம் எரிமலை ஏதாவது வெடிப்பதாக இருந்தால், ஒரு வாரம் முன்னாலேயே அவருக்கு ஆள் அனுப்பிச் சொல்லிவிடும். இவ்வளவு பெரிய மனிதரின் மாருதி ஆம்னி வேன் இரண்டே மாதத்தில் இரண்டு தடவை, பதினோரு குழந்தைகளோடு, நடு ரோட்டில் கொதித்து நின்றது.

நான் அவருடைய ஒரே மகள் இனியா. பத்தாவது கணக்குப் பரீட்சை என்னை இரண்டு முறை தோற்கடித்தது. மூன்றாவது முறை அதற்கு அந்தச் சந்தோஷத்தைக் கொடுக்க வேண்டாம் என்று பீளமேட்டில் ஒரு மோட்டார் வைண்டிங் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். எரிந்துபோன பம்ப் மோட்டாருக்குப் புதிதாகச் செம்புக் கம்பி சுற்றுகிற வேலை. காலையில் அப்பா சூலூரிலிருந்து பீளமேட்டுப் பள்ளிக்கூடத்துக்குக் குழந்தைகளை ஏற்றிப் போகும்போது நானும் பின்னால் தொற்றிக்கொள்வேன். ஆகவே, கீழே சொல்லப்போகிற எரிச்சல்கள் எல்லாம் நான் நேரில் இருந்து அனுபவித்தவை.

அப்பாவைப் பெற்றவர்கள் அடுத்தவர் தோட்டத்தில் கூலிக்கு இருந்தவர்கள். அவர்களிடம் யாரும் எதற்கும் கையெழுத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் கைநாட்டுதான். அப்பா எட்டாவது முடித்துவிட்டு, பீளமேட்டில் ஒரு நூல் மில்லில் பிளான்ட்டில் சேர்ந்தார். மில்லுக்குள் காற்று காய்ந்தால் நூல் அறுந்துகொண்டே இருக்கும். அதனால் பெரிய பெரிய ஃபேன்களை வைத்து ஈரக் காற்றை உள்ளே தள்ளுவார்கள். அந்த ஃபேன்கள் இருக்கிற இடம்தான் பிளான்ட். மணிக்கொரு தடவை தெர்மாமீட்டரைப் பார்த்து, எந்த ஃபேனைப் போடுவது, எதை அணைப்பது என்று முடிவு செய்து, ரெஜிஸ்டரில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். கடைசிக் கட்டத்தின் தலைப்பே ‘ஆப்பரேட்டர் கையெழுத்து’தான். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகக் கையெழுத்துப் போட்ட ஆள், ஒரு நாளைக்கு எட்டுத் தடவை போட்டார். இருபத்திரண்டு வருஷம்.

ஒரு தடவை வேறு ஷிப்ட்டில் யாரோ ஃபேனைப் போடாமல் தூங்கிவிட, அந்த மணிக்கும் சேர்த்து அப்பாவையே கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார் மேஸ்திரி. “நான் ஓட்டாத ஃபேனுக்கு நான் எப்புடிங்க கையெழுத்துப் போடறது?” என்று கேட்டுவிட்டு, மூன்று நாள் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்தார். கோபம் வரும்போதெல்லாம் அம்மா மாரியாத்தாள் இன்றைக்கும் அந்த மூன்று நாளைத்தான் முதலில் எடுப்பாள்.

தொண்ணூற்று மூன்றில் மில்லை மூடினார்கள். கிடைத்த செட்டில்மென்டில் அப்பா இரண்டு வருஷம் யோசித்து, பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கினார். அதற்கு முன்னாலேயே மில்லிலிருந்து கேட்டு வாங்கி வந்த இரண்டு பொருள்கள் வீட்டில் இருந்தன. ஒன்று, சுவரில் மாட்டுகிற தெர்மாமீட்டர். இன்னொன்று, எழுதாத ரெஜிஸ்டர்கள் ஒரு கட்டு. வேலை போன மறுநாளிலிருந்து எங்கள் சமையல்கட்டின் சூடு மணிக்கொரு தடவை ரெஜிஸ்டரில் ஏறியது.

நான் சும்மா இருப்பேனா? ஒரு நாள் அவர் குளித்துவிட்டு வருகிற சத்தம் கேட்டதும், தெர்மாமீட்டரை டீ டம்ளருக்குள் முக்கி எடுத்துத் துடைத்து மாட்டினேன். வந்தார், பார்த்தார், எழுதினார், கையெழுத்துப் போட்டார். வீடு ஐம்பத்தெட்டு டிகிரியில் வேகிறதே என்று முகத்தில் ஓர் அசைவில்லை. மனிதர் ஏமாந்தார் என்று நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். நாலு நாள் கழித்துத்தான் அந்தப் பக்கத்தைப் பார்த்தேன். ‘58’ என்று எழுதி, பக்கத்தில் பொடி எழுத்தில் ‘டீ. சர்க்கரை போட்டது’ என்று இருந்தது. தெர்மாமீட்டரின் முனையை நக்கிப் பார்த்திருக்கிறார்! அன்றிலிருந்து அவர் ரெஜிஸ்டரைத் தொடுவதில்லை என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன்.

வேன் விஷயத்துக்கு வருகிறேன். ஆம்னியில் எஞ்சின் முன் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. தண்ணீர் கொதித்தால் ஆவி காலடியிலிருந்து புஸ்ஸென்று கிளம்பும். இரண்டு தடவையும் இருகூர்ப் பக்கம் ரயில்வே கேட்டில் காத்து நின்றபோதுதான் கொதித்தது. முன் சீட்டில் உட்கார்கிற யு.கே.ஜி. ரம்ஷா, “வேன் மாமா இட்லி வேக வெக்கறாரு!” என்று கத்த, மற்ற பத்துப் பேரும் பின்பாட்டுப் பாடினார்கள். இரண்டாவது தடவை பள்ளிக்கூடத்தில் மணி அடித்து முக்கால் மணி நேரம் கழித்துத்தான் போய்ச் சேர்ந்தோம்.

பள்ளிக்கூடத்துக் கரஸ்பாண்டென்ட் அம்மா அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். “இன்னொருக்கா வழியில நின்னா, ட்ரிப்பை வேற வண்டிக்குக் குடுத்துருவேனுங்க சின்னான்.” சொன்னதோடு விடவில்லை. பழனியாத்தாள் என்கிற ஆயாவை, வண்டி எப்படிப் போகிறது என்று பார்த்துச் சொல்ல, தினமும் வேனிலேயே ஏற்றி அனுப்பினார்.

“போனாப் போவுதுங்க. வேற ட்ரிப்பா கெடைக்காது?” என்றாள் அம்மா.

காலையில் அந்தப் பதினோரு உருப்படிகளும் ஏறும்போது “குட் மார்னிங் வேன் மாமா” என்று ஒவ்வொன்றாகச் சொல்லும். அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து, சட்டையில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வார். மில்லில் இருபத்திரண்டு வருஷத்தில் அவருக்கு ஒருத்தரும் குட் மார்னிங் சொன்னது கிடையாது. அதைத் தூக்கி வேறு வண்டிக்குக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

வண்டியை எலக்ட்ரீசியன் ரசாக் பாயிடம் கொண்டுபோனோம். பார்த்துவிட்டு, “ரேடியேட்டர் ஃபேன் நல்லாத்தானுங்க இருக்குது சின்னாண்ணா. தண்ணி சூடானா அதைப் போட்டுவுடற தெர்மோ சுவிட்ச்தான் போயிருச்சு” என்றார்.

“தண்ணி சூடாச்சுன்னு அதுவாத் தெரிஞ்சுக்கிட்டு, அதுவா ஃபேனைப் போடுமா?” அப்பாவின் முகத்தில் அவமானப்பட்ட களை. “அப்பறம் ஓட்டறவன் எதுக்கு உக்காந்திருக்கறான், சினிமாப் பாக்கவா? எனக்குக் கையில ஒரு சுவிட்ச் வெச்சுக் குடுங்க, போதும்.”

“ஒரிஜினல் வர ரெண்டு வாரம் ஆவுங்க. அது வரைக்கும் வேணா…”

“அது வரைக்கும் இல்லீங்க. எப்பவுமே.”

ரசாக் பாய் என்னைப் பார்த்தார். “பாப்பா, நீயே ஒயர் பண்ணிக் குடுத்துரு. உங்கப்பாகூட நாயம் பேச என்கிட்டத் தெம்பில்லை.”

வேலை சின்னதுதான். அப்பா கூட இருந்ததால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. முதலில், பரணிலிருந்து ஒரு பழைய வீட்டுச் சுவிட்ச்சைத் தூக்கிக்கொண்டு வந்தார். உருண்டையாக, கறுப்பாக, மூக்கு வைத்தது.

“அப்பா, இது லைட்டுக்குப் போடறது. ஃபேன் இழுக்கற கரண்டுக்கு உருகிப்போயிரும்.”

“நம்மூட்டுல இருவது வருசம் உருகல.”

“நம்மூட்டுல அது ஜீரோ வாட் பல்பு எரிச்சுதுங்கப்பா!”

முணுமுணுத்துக்கொண்டே எடுத்து வைத்தார். நான் முறையாக ஒரு ரிலே வைத்தேன். மேனேஜர் மணியைத் தட்டினால் மேஸ்திரி ஓடி வந்து பாரம் தூக்குவது போல, சுவிட்ச் சும்மா தட்டிவிடும். பெரிய கரண்டை ரிலே தூக்கிக்கொள்ளும். நடுவில் ஒரு ஃபியூஸ். டாஷ்போர்டில் ஒரு நல்ல சுவிட்ச்சும், ஃபேன் ஓடுகிறது என்று காட்ட ஒரு சிவப்பு லைட்டும். சாவி போட்டால்தான் வேலை செய்கிற மாதிரி கரண்டு கொடுக்கப் போனேன். அங்கேதான் அடுத்த கெரகம்.

“பேட்டரில இருந்து நேராக் குடு கண்ணு. மெஷின் நின்னாலும் பிளான்ட் பத்து நிமிசம் ஓடணும். அதான் ரூல்.”

“இது வேனுங்கப்பா. மில்லு இல்லை.”

“எங்க இருந்தாலும் சூடு சூடுதான்.”

கொடுத்தேன். வேறென்ன செய்வது?

மறுநாளிலிருந்து எங்கள் வேன், வேனாக இல்லை. டாஷ்போர்டில் சணல் கட்டி ரெஜிஸ்டர் தொங்கியது. கேட்டில் நின்றால் அப்பா கன்னத்தைக் கீழே சாய்த்து, சீட்டுக்கடியிலிருந்து வருகிற சூட்டை வாங்கி, “எம்பத்தஞ்சு” என்று அறிவித்து, சுவிட்ச்சைத் தட்டுவார். குழந்தைகள் “ஓடுது!” என்று கத்தும். பிறகு மணி பார்த்து எழுதுவார். பழனியாத்தாள் ஆயா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, நீங்க வண்டி ஓட்டறீங்களா, கணக்குப்பிள்ளை உத்தியோகம் பாக்கறீங்களா?” என்றாள்.

இந்த ரூல் படி, வீட்டுக்கு வந்து வண்டியை நிறுத்திய பிறகும் பத்து நிமிஷம் ஃபேன் ஓடும். அந்தப் பத்து நிமிஷத்தில் அப்பா சாப்பிட உட்கார்வார். சாப்பிட்டால் தூக்கம் வரும். காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும். அம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தள்ளுவோம். எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே, “அவிநாசித் தேருக்கே இந்தக் கூட்டம் வேண்டீதில்லையே அம்மணி” என்பார். மூன்று வாரத்தில் நாலு தடவை தள்ளினோம். இன்னொரு நாள் தலைகீழாக நடந்தது: ரம்ஷாவுக்கு விழுந்த பல்லைப் பற்றி நாயம் பேசிக்கொண்டே, ஃபேனைப் போடவே மறந்துவிட்டார். டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டுகிற ஊசி சிவப்பைத் தொடப் போன நேரத்தில் கேட் திறந்தது. ஆயா அப்போது ஜன்னல் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்ததால் எங்கள் ட்ரிப் பிழைத்தது.

இது ஆகாது என்று அன்றைக்கு முடிவு செய்தேன். ரசாக் பாயிடம் தெர்மோ சுவிட்ச் வந்திருந்தது. அவர் வீட்டு மோட்டார் காயில் எரிந்திருந்தது. அதை நான் சுற்றிக் கொடுத்தேன், இதை அவர் கொடுத்தார்.

“உங்கப்பாவை ஏமாத்தறதுக்கு நானும் கூட்டாளியா?” என்றார்.

“ஏமாத்தறது இல்லீங்க பாய். அவரை அவர்கிட்ட இருந்து காப்பாத்தறேன்.”

நவம்பர் கடைசி ஞாயிறு. அவிநாசியில் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. வேனில் வந்தால் வெந்துவிடுவேன் என்று சொல்லி அம்மா அப்பாவைப் பஸ்ஸில் இழுத்துப் போனாள். நான் வயிற்றுவலி என்று சுருண்டு படுத்து, அவர்கள் தெரு திரும்பியதும் எழுந்தேன். புதிய தெர்மோ சுவிட்ச்சை மாட்டி, ஃபேனை அதன் பொறுப்பில், சாவி போட்டால்தான் ஓடும்படி விட்டேன். அப்பாவின் சுவிட்ச்சிலிருந்து ரிலேக்குப் போன ஒயரைக் கழற்றினேன். சிவப்பு லைட்டை மட்டும் விட்டுவைத்தேன். தட்டினால் லைட் எரியும். வேறு ஒன்றும் நடக்காது. அவர் தட்டிக்கொள்ளலாம், எழுதிக்கொள்ளலாம், சந்தோஷமாக இருக்கலாம். கடைசி ஜாயின்ட்டுக்கு ஈயத்தை உருக்கிச் சாலிடர் வைக்கப் போகும்போது தெருவில் அம்மாவின் குரல் கேட்டது. பந்தி சரியில்லை என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்களாம். ஒயரை முறுக்கி, டேப்பைச் சுற்றி, பிறகு சாலிடர் வைத்துக்கொள்ளலாம் என்று ஓடிப் போய்ப் படுத்துவிட்டேன். அந்தப் ‘பிறகு’ வரவேயில்லை.

நாலு மாதம். வண்டி கொதிக்கவில்லை, பேட்டரி சாகவில்லை, தேர் இழுக்கவில்லை. அப்பா தினமும் கன்னத்தைச் சாய்த்தார், சுவிட்ச்சைத் தட்டினார், எழுதினார். என் வயிற்றெரிச்சல் என்னவென்றால், பாராட்டு முழுக்க அவருக்குப் போயிற்று. “உங்க கையில அப்புடி என்னதானுங்க இருக்குது?” என்று ஆயாவே கேட்டாள்.

“நல்ல ஆப்பரேட்டர் இருந்தா எந்த ஃபேனும் சொன்னபடி கேக்குமுங்க ஆயா” என்பார் அப்பா. சொல்லிவிட்டுக் கண்ணாடியில் என்னைப் பார்ப்பார், கை தட்டு என்பது போல. நான் நாக்கைக் கடித்துக்கொண்டு வெளியே தென்னை மரங்களை எண்ணுவேன். செய்தது நான், பெயர் அவருக்கு. சொல்லவும் முடியாது. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

மார்ச் மாதம். காலை எட்டே காலுக்கே வெயில் கடித்தது. கேட் போட்டிருந்தார்கள். ஒரு ரயில் போயிற்று. கேட் திறக்கவில்லை, இன்னொன்று வருகிறதாம். சூடான நேரத்தில் அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பது எங்கள் வண்டியின் குணம். அதனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அப்பா கன்னத்தைச் சாய்த்து, சுவிட்ச்சைத் தட்டினார். சிவப்பு லைட் எரிந்தது. நான் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வழக்கமாக இரண்டு மூன்று நிமிஷத்தில் ஃபேன் சத்தம் வந்துவிடும். வரவில்லை. ஊசி பாதியைத் தாண்டி, முக்காலைத் தாண்டி, போய்க்கொண்டே இருந்தது.

“வேன் மாமா, இன்னைக்கு இட்லி உண்டா?” என்றாள் ரம்ஷா.

ஆயா கழுத்தை நீட்டி ஊசியைப் பார்த்தாள். சாலிடர் வைக்காத அந்த ஜாயின்ட் என் கண்முன் வந்து நின்றது. சிவப்புக்கு இன்னும் ஒரு நெல் அளவு.

“அப்பா, அது பொம்மை சுவிட்சுங்கப்பா!” என்று கத்திவிட்டேன். “நான்தான் ஒயரைக் கழட்டிப்போட்டேன். நாலு மாசமா தெர்மோ சுவிட்ச்தான் ஃபேனை ஓட்டுது. ஜாயின்ட் உட்டுப்போச்சாட்ட இருக்குது. நான் சாலிடர் வெக்கல…”

பதினோரு குழந்தைகளும் வாயை மூடிக்கொண்டன. அது அந்த வேனின் வரலாற்றில் முதல் தடவை.

“சத்தம் போடாதே கண்ணு. கொழந்தைங்க பயந்துக்கும்” என்றார் அப்பா. குனிந்து, சீட்டுக்கடியில் கையை விட்டார். ‘டொக்’ என்று ஒரு சத்தம். அடுத்த நொடி ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது. ஊசி நின்றது. யோசித்தது. பிறகு மெதுவாகப் பின்வாங்கியது.

“என்னுங்க அது?” என்றாள் ஆயா.

“ஸ்டாண்ட்-பைங்க ஆயா. பிளான்ட்டுன்னு இருந்தா, ஒண்ணு போனா இன்னொண்ணுன்னு ஒரு ஸ்டாண்ட்-பை இருக்கோணும்.”

நான் எட்டிக் கையை விட்டுத் தடவினேன். உருண்டை, மூக்கு. பரணில் கிடந்த அதே கறுப்புச் சுவிட்ச். ரிலே இல்லை, ஒன்றும் இல்லை, பேட்டரியிலிருந்து நேராக. தொட்டால் சுட்டது. ஒரு கருகல் வாசம் வேறு.

“உருகப் போவுதுங்கப்பா!”

“கேட்டுத் தெறக்கற வரைக்கும் தாங்கும். இருவது வருசம் தாங்குச்சல்ல.”

தாங்கியது. இரண்டாவது ரயில் போனது, கேட் திறந்தது, மணி அடிப்பதற்கு முன்னால் பள்ளிக்கூடம் சேர்ந்தோம். ஆயா இறங்கும்போது மூக்கை உறிஞ்சி வாசம் பிடித்தாள். என்னை ஒரு பார்வை, அப்பாவை ஒரு பார்வை. “வண்டி நிக்கலீங்கன்னு சொல்லிப்போடறேன். நெசம் அதானுங்களே?” என்று சொல்லிவிட்டுக் குழந்தைகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

என் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தினார் அப்பா. ஸ்டாண்ட்-பையை அணைத்தார். நான் நைசாக இறங்கப் போனேன்.

“ஏங்கண்ணு, அவசரமா?” சணலை அவிழ்த்து ரெஜிஸ்டரை என் மடியில் வைத்தார்.

காதுகுத்துக்கு மறுநாள் திங்கட்கிழமையின் பக்கம். ‘சுவிட்ச் போட்டது 8.10. ஃபேன் சுற்றியது 8.14. ஸ்டாண்ட்-பை: இல்லை, வைக்க வேண்டும்.’ செவ்வாய்: ‘சுவிட்ச் போட்டது 8.12. ஃபேன் சுற்றியது 8.13. ஸ்டாண்ட்-பை வைத்தாயிற்று.’ புதன், வியாழன், டிசம்பர், பொங்கல், பிப்ரவரி. ஒவ்வொரு நாளும் இரண்டு நேரம், வேறு வேறாக. கடைசிக் கட்டம் மட்டும் எல்லாப் பக்கத்திலும் காலி.

“எப்பங்க தெரிஞ்சுது?” என்றேன்.

“மொத நாளே. வண்டியை நிறுத்தினா ஃபேனும் ஒட்டுக்கா நின்னுபோச்சு. இருவத்திரண்டு வருசம் ஃபேன் சத்தத்துலயே சோறு தின்னவன் கண்ணு நானு. ஒரு பொட்டு லைட்டைக் காட்டி ஏமாத்தறே.”

“தெரிஞ்சுமா தெனமும் அந்தப் பொம்மையைத் தட்டுனீங்க?”

“நீ பின்னால உக்காந்து பாத்துட்டே இருந்தியே. தட்டாம உட்டா உன்ற மூஞ்சி வாடிப்போயிருமல்ல.”

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். இன்றைய தேதியில், ‘ஸ்டாண்ட்-பை 8.24’ என்று எழுதி, நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனாவை மூடாமல் என்னிடம் நீட்டினார்.

“இது ஒண்ணுதான் என்னுது. நான் ஓட்டாத ஃபேனுக்கு நான் போடமாட்டேன். மத்ததுக்கெல்லாம் ஆப்பரேட்டர் நீ. போடு.”

பக்கங்களைப் புரட்டினேன். கட்டைவிரல் கனத்துக்கு இருந்தது.

“நாலு மாசத்துக்குமா?”

“ஞாயித்துக்கெழமை லீவு” என்றார் அப்பா.